லண்டன் தேன், கல்முனை முகவரி

நடந்தவற்றை நடந்த ஒழுங்கிலேயே எழுதிவிடுகிறேன்.

1. நாங்கள் வசிக்கும் இங்கிலாந்துச் சிறு நகரத்தில் நகரசபை தோட்டத் துண்டுகளை வாடகைக்குக் கொடுக்கிறது. எங்கள் துண்டுக்குப் பக்கத்தில் கரட்டும் முட்டைக்கோவாவும் வைத்திருந்த வெள்ளைக்கார முதியவர் தன் மகளோடு இருக்கப் போனார். போகும்போது இரண்டு தேனீப் பெட்டிகளை என் கணவர் இர்ஷாத்திடம் விட்டுப் போனார். "கவனமாக இருங்கள்" என்றார். அதைச் சொன்னது இர்ஷாத்துக்கா தேனீக்களுக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

2. கோடை முடியும்போது எங்கள் சமையலறையில் நடக்க இடமில்லை. எல்லாம் தேன்.

3. விற்கலாம் என்றார் இர்ஷாத். நான் ஒரு உணவுத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பிறருடைய லேபலில் பிழை பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே, விற்பதென்றால் சட்டப்படி என்றேன்.

4. நகரசபையில் உணவு வியாபாரமாகப் பதிந்தோம். ஒரு அதிகாரி வந்து சமையலறையைப் பார்த்துவிட்டுப் போனார்.

5. லேபலை நானே வரைந்தேன். அச்சடிக்க, உம்மாவின் தங்கையான என் சாச்சியின் மகன் சஜீருக்கு அனுப்பினேன்; இலங்கையில், எங்கள் ஊர் கல்முனையில் அச்சகம் வைத்திருக்கிறான். தம்பி முறை. அங்கே செலவு குறைவு, அவனுக்கும் ஒரு வேலை.

6. லேபல்கள் பார்சலில் வந்தன. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

7. கல்முனையில் என் தங்கச்சி ரிஸ்னாவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. மகன்.

8. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை. பக்கத்து மேசையில் ஒரு தேன் போத்தல். போத்தலில் என் பெயர்.

9. நான் கல்முனைக்கு ஒரு துளித் தேனும் அனுப்பியதில்லை.

லேபல்

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரு போத்தல் தேன் விற்பதற்கு எழுத வேண்டியவை பல. 'தேன்' என்று எழுத வேண்டும். போத்தலுக்குள் தேன் தெரிந்தாலும் எழுத வேண்டும். எந்த நாட்டில் எடுத்தது, எடை எத்தனை கிராம், எந்தத் திகதிக்கு முன் சாப்பிடுவது நல்லது, எந்தத் தொகுதி, யார் பொறுப்பு, அவருடைய முகவரி என்ன. எடையைக் காட்டும் எழுத்து எத்தனை மில்லிமீற்றர் உயரம் இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. நான் அடிமட்டம் வைத்து அளந்தேன். இர்ஷாத் அதைப் படம் பிடித்து நிந்தவூரில் இருக்கும் தன் உம்மாவுக்கு அனுப்பினார். அவர், "புள்ளைக்கு அங்க வேல கூடவோ?" என்று இரக்கப்பட்டாராம்.

எழுதக் கூடாதவை இன்னும் பல. நோய் தீர்க்கும் என்று எழுதக் கூடாது. எழுதினால் அது மருந்து, மருந்துக்கு வேறு அனுமதி. இரசாயனம் சேராத இயற்கைப் பயிரில் இருந்து வந்தது என்றும் எழுத முடியாது. தேனீ மைல்கணக்கில் பறக்கும், அது எந்தப் பூவில் வாய் வைத்தது என்று நாம் நிரூபிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வரி நாட்டின் பெயர்தான். தேனீயின் பாட்டன் எந்த நாட்டில் இருந்து வந்தான் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே எடுத்த தேனா, 'இங்கிலாந்து' என்று எழுது, முடிந்தது. அதே இங்கிலாந்தில் நானும் இர்ஷாத்தும் நிரந்தரமாக இருப்பதற்கு வருடக்கணக்கில் விரல் அடையாளம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பெட்டிக்குள் இருப்பவை ஒரு கோடையிலேயே குடியுரிமை எடுத்துவிட்டன.

அதிகாரி நல்ல மனிதர். காலில் நீலநிறப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் பிராணிகள் ஏதும் உண்டா என்று கேட்டார்.

"ஓம், ஒரு அம்பதாயிரம் இருக்கும்," என்றார் இர்ஷாத்.

அவர் சிரிக்கவில்லை. எழுதினார். பிறகு என்னிடம், ஒவ்வொரு தொகுதியையும் ஒழுங்காகப் பதிந்து வைப்பீர்களா என்று கேட்டார். நான் பழக்கத்தில், "இன்ஷா அல்லாஹ்" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, அது ஆமா இல்லையா என்றார். மேசைக்குக் கீழே பொம்மைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த எங்கள் ஆறு வயது மகள் ஸாரா, சுத்தமான இங்கிலாந்து உச்சரிப்பில் பதில் சொன்னாள்: "உம்மா எனக்கு அப்படிச் சொன்னால், இல்லை என்று அர்த்தம்."

அன்று அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஸாரா தேன் சாப்பிடுவதில்லை. அது பூச்சியின் வாந்தி என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விஞ்ஞானப்படி மறுக்க எனக்கும் வழியில்லை.

லேபலின் கடைசி வரி, 'பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.' இந்த நாட்டுச் சட்டம் இதைக் கட்டாயம் ஆக்கவில்லை. ஆனால் பொறுப்புள்ளவர்கள் போடுகிறார்கள், நானும் போட்டேன். நல்ல தேனிலும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைக் கணக்கெடுக்காது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் குடலில் அது முளைத்து நஞ்சு விடும். பிள்ளை தளர்ந்துபோகும், மூச்சுக்கூட நிற்கலாம். அரிதாக நடப்பதுதான். அரிதாக நடப்பதைத் தடுப்பதற்குத்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

வாங்குவோர்

வெள்ளைக்காரர்கள் லேபலை வாசித்துவிட்டு வாங்கினார்கள். எங்கள் ஆட்கள் லேபலைக் கண்டதும் பின்வாங்கினார்கள்.

பக்கத்து நகரத்தில் மருதமுனையில் இருந்து வந்த ஒருவர் இருக்கிறார்; அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று அழைப்போம். குடும்பத்தோடு வந்தார், தேநீர் குடித்தார், போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இது கட்டியாகிட்டே, புள்ள."

"நல்ல தேனும் உறையும் காக்கா. இந்தப் பக்கம் வயல்ல மஞ்சளாப் பூக்கிற பயிர் இரிக்கே, அந்தப் பூத் தேன் கெதியா உறையும். லேபல்லயும் போட்டிரிக்கன்."

"லேபல்ல போட்டாப்போல சீனி தேனாகிருமா?"

"சீனி போடல்ல காக்கா."

"நான் ஒங்களச் செல்லல்ல புள்ள. தேனீக்கு ஆரும் சீனி குடுத்திரிப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "லேபல் ஒட்டாத போத்தல் இரிந்தா ரெண்டு தாங்க. லேபல் ஒட்டினா அது கடைச் சாமான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலும் தேன் அப்படித்தான் வந்தது. உள்ளூரில் இருந்து ஒரு ஆள் சைக்கிளில் கொண்டு வருவார். பழைய சாராயப் போத்தல், லேபல் சுரண்டியது, வாயில் கடதாசி அடைப்பு. சாராயப் போத்தல் எங்கள் வாசல் கடப்படியைத் தாண்டி உள்ளே வர இருந்த ஒரே வழி தேன்தான். வாப்பா மூன்று பரீட்சை வைப்பார். நெருப்புக் குச்சியைத் தேனில் தோய்த்துப் பற்றவைப்பார். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். ஒரு துளியைக் கடதாசியில் வைத்து ஊறுகிறதா என்று பார்ப்பார். மூன்றிலும் பாஸ் என்றால் சுத்தத் தேன். இறுக்கமாகக் காய்ச்சிய சீனிப்பாகும் இந்த மூன்றிலும் பாஸ் என்பதை நான் படித்த பிறகு வாப்பாவிடம் சொன்னேன். "அப்ப நீ படிச்சதுதான் பிழை," என்றார்.

படம்

படத்தைப் பெருப்பித்தேன். என் லேபல்தான். நான் தேர்ந்த எழுத்துரு, நான் வரைந்த பூ, எடையின் உயரம்கூடச் சரி. என் முழுப் பெயர். தொகுதி எண்ணும் என்னுடையதே. மேலே தமிழில் ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது: 'அசல் லண்டன் தேன்.' லண்டன் எங்கள் நகரத்தில் இருந்து ரயிலில் பல மணி நேரம். ஆனால் ஊரில் இங்கிலாந்து என்றால் லண்டன், ஸ்கொட்லாந்தும் லண்டன்.

முகவரி மாறியிருந்தது. எங்கள் வாடகை வீட்டு முகவரி இல்லை, கல்முனை வீட்டு முகவரி.

கடைசி வரியும் இல்லை. அந்த இடத்தில், 'பிறந்த பாலகர் முதல் பெரியோர் வரை' என்று இருந்தது.

உம்மாவை அழைத்தேன்.

"உம்மா, அந்தத் தேன் எங்கால வந்த?"

"ஏன், நீ அனுப்பினதுதானே."

"நான் அனுப்பல்ல."

"சும்மா இரி மகள். கடையெல்லாம் இரிக்கி. ஆக்கள் கடப்படியில வந்து நிண்டு, ஒங்கட மகள்ட தேன் இரிக்கா எண்டு கேக்கிறாங்க. ஊருக்கெல்லாம் அனுப்புறாள், பெத்த உம்மாக்கு ஒரு போத்தல் அனுப்பல்லியே எண்டு எனக்கு மனசு சரியில்ல. அதுதான் நானும் ஒண்டும் கேக்கல்ல."

இதுதான் எங்கள் குடும்பம். மனத்தாங்கல் இல்லாமல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும்.

"புள்ளைட வாயில வெச்சிட்டீங்களா?"

பிறந்த பிள்ளையின் வாயில் முதலில் இனிப்புத் தொட்டு வைப்பது எங்களிடம் உள்ள வழக்கம். மென்ற ஈத்தம்பழம், அதாவது பேரீச்சைதான் வைப்பது. அது இல்லாவிட்டால் தேன்.

"காலையிலேயே வெச்சாச்சி. ஈத்தம்பழம் எடுத்துத்தான் வெச்சிருந்த. ரிஸ்னாட மாமிதான் சம்மாந்துறையில இரிந்து போத்தலோட வந்திறங்கினாங்க. மருமகள்ட ராத்தா லண்டன்ல செஞ்ச தேன் இரிக்கக்குள்ள பழம் எதுக்கெண்டு கேட்டாங்க. எனக்கும் பெருமதான்."

என் பெயருக்கு மரியாதை செய்து ஈத்தம்பழத்தை ஒதுக்கியிருக்கிறார்கள்.

விளக்கினேன். கிருமி, வித்து, குடல் எல்லாம் சொன்னேன். உம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஒனக்கும் தேன்தான் வெச்ச. நீ செத்தா போன? லண்டனுக்குத்தான் போன."

ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வராத நோயைப் பற்றி, வராமல் தப்பியவரிடம் இருந்து தொலைபேசியில் விளக்கம் கேட்டால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆனால் ரிஸ்னா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: "ராத்தா, எதப் பாக்கணும் எண்டு மட்டும் செல்லு."

சொன்னேன். பால் குடிக்கும் வேகம் குறைகிறதா. அழுகை மெலிகிறதா. கழுத்து துவள்கிறதா. கண்ணிமை கனக்கிறதா. எல்லாவற்றுக்கும் முதலில், மலம் போகாமல் நிற்கிறதா. சில நாளிலும் வரலாம், சில கிழமை கழித்தும் வரலாம். வந்தால் உடனே ஆஸ்பத்திரி, வைத்தியம் உண்டு. அவள் "சரி" என்று மட்டும் எழுதினாள்.

முகவரி

பிறகு சஜீர்.

"சஜீர், என்ட பேர்ல தேன் விக்கிறியா?"

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா."

"வஅலைக்கும் ஸலாம். விக்கிறியா?"

"விக்கல்ல ராத்தா. அறிமுகப்படுத்துறன்."

"என்ட விலாசத்த ஏன் மாத்தின?"

"மாத்தல்லியே. பொறுப்பாளிர விலாசம் போடணும் எண்டு நீங்கதானே செல்லித் தந்த. நீங்க அனுப்பினது வாடகை வீடு, அதுவும் மச்சான்ட பேர்ல. இஞ்ச இரிக்கிறது ஒங்கட சொந்த வீடு, உறுதிப் பத்திரம் ஒங்கட பேர்ல. இதுல எது ராத்தா பொய்?"

எங்கள் கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்துக்கு முன் வீட்டைக் கட்டி, அவள் பெயரில் எழுதி, பிறகுதான் மாப்பிள்ளை வருவார். வருபவர் பெட்டியோடு வந்து மனைவியின் வீட்டில் குடியிருப்பார். எனக்கும் எழுதித் தந்தார்கள். நானும் இர்ஷாத்தும் விமானம் ஏறிய பிறகு அந்த வீட்டில்தான் உம்மா இருக்கிறார், ரிஸ்னாவும் பிள்ளைப்பேற்றுக்கு அங்கேதான் வந்திருந்தாள். இங்கே வீட்டு ஒப்பந்தம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் இர்ஷாத் பெயரில். அவருக்குக் கீழே 'வசிப்பவர்' என்று நான். சஜீர் சொன்னது சட்டப்படி தவறு. ஊர்ப்படி சரி.

"கடைசி வரிய ஏன் எடுத்த?"

"அத வாசிச்சா ஆரு ராத்தா வாங்குவாங்க? புள்ள கிடைச்ச வீட்டுக்குத்தானே தேன் கூடப் போகுது."

"அதுக்குத்தானே அந்த வரி."

"அதுதான் ராத்தா, யாவாரம் தெரியாத ஒரு ஆள் எழுதின வரி அது."

நான் மூச்சை இழுத்துவிட்டு, ரிஸ்னாவின் மகனுக்கு என்ன வைத்தார்கள் என்பதையும் அதனால் என்ன வரலாம் என்பதையும் சொன்னேன். பிறகு கேட்டேன். "உண்மையச் செல்லு. போத்தலுக்குள்ள என்ன?"

"சுத்தத் தேன்."

"லண்டன்ல இரிந்தா?"

"நாவிதன்வெளிக்கு அங்கால ஒராள் கொண்டு வந்து தாறார். காட்டுத் தேன். லண்டன்ட தேனவிடத் திறம்."

தொலைபேசியை வைத்த பிறகுதான் என் நிலைமை எனக்கு முழுதாக விளங்கியது. சஜீர் நேர்மையானவன் என்றால் பிள்ளைக்கு ஆபத்து. சஜீர் கள்ளன் என்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தேனில் கலப்படம் பிடிப்பதற்குப் படித்தவள், கலப்படமாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்ப எடுத்தேன்.

"சஜீர், சீனிப்பாகு எண்டா செல்லு. நான் ஏசமாட்டன்."

"என்ன ராத்தா கதைக்கிறீங்க? என்னக் கள்ளன் எண்டு நெனச்சிட்டீங்களா?"

"இல்ல, நெனைக்க ஆசப்படுறன்."

"நீங்க பொறி வெக்கிறீங்க. நான் ஓம் எண்டு சென்னா பதிவு செஞ்சி சுகாதாரப் பரிசோதகருக்கு அனுப்புவீங்க."

"வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணி, தேன்தான் எண்டு செல்லு பாப்பம்."

"தேனுக்கெல்லாம் வல்லாஹியா ராத்தா?"

அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை முடிந்து இர்ஷாத் வாகனத்தை நிறுத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். "பயப்படாத," என்றார். "அவன் கள்ளனாத்தான் இரிப்பான். அவன்ட வாப்பாவ எனக்குத் தெரியும்." கலியாணம் முடித்த நாளில் இருந்து என் தாய்வழிச் சொந்தத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளில் எனக்கு ஆறுதல் தந்த முதல் வார்த்தை இது.

காத்திருப்பு

இதற்குப் பிறகு நடந்தவற்றைப் பட்டியல் போட முடியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் காரணம். நான் வேலைக்குப் போனேன். ஜாம் போத்தல்களின் மூடியை இறுக்கிப் பார்த்தேன், அமிலத்தை அளந்தேன். இடைவேளையில் ரிஸ்னா அனுப்பிய அழுகைகளைக் கேட்டேன்.

அவள் பிள்ளையின் அழுகையைப் பதிந்து பதிந்து அனுப்பினாள். "ராத்தா, நேத்தவிட மெதுவா இரிக்கிற மாதிரி இல்லியா?" நான் நேற்றையதையும் இன்றையதையும் மாறி மாறிக் கேட்பேன். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் பக்கத்தில் இருந்த போலந்துக்காரி, உன் பிள்ளையா என்று கேட்டாள். தங்கச்சியின் பிள்ளை என்றேன். நன்றாகக் கத்துகிறான், பெரிய ஆளாக வருவான் என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு போலந்துக்காரியின் வாய்க்கு ஆமீன் சொன்னேன்.

ரிஸ்னா உம்மாவுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். அங்கே இருந்த இளம் பெண் வைத்தியர் அவளைத் திட்டவில்லை. பிள்ளையை உருட்டிப் பிரட்டிப் பார்த்தார், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். இப்போது ஒன்றும் இல்லை, இன்ன இன்ன கண்டால் நேரத்தைப் பார்க்காமல் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நான் சொன்ன அதே வரிசை. ஆனால் நேரில் ஒருவர் பிள்ளையைத் தொட்டுச் சொல்வது வேறு.

மாமியிடம் சொல்ல முடியாது. அவர் ஆசையோடு வாங்கி வந்தது. சொன்னால், நான் பேரனுக்கு நஞ்சு கொண்டு வந்தேனா என்று அழுவார். அழுகை சம்மாந்துறைக்குப் போய்த் திரும்பி வரும்போது, மருமகள் அப்படிச் சொன்னாள் என்று ஆகியிருக்கும். ஆகவே மாமி ஒவ்வொரு நாளும் வந்து போத்தலைத் திறந்து, "எள்ளுப்போலத் தொட்டு வெப்பம்" என்பார். ரிஸ்னா ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடிப்பாள். பிள்ளை தூங்குது. இப்பதான் குடிச்சான். ஒரு நாள் போத்தலையே தட்டிவிட்டாள். மாமி அடுத்த நாள் புதிய போத்தலோடு வந்தார். லேபலில் என் பெயர் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. சஜீருக்கு வியாபாரம் நன்றாகப் போகிறது என்று விளங்கியது.

உள்ளடக்கம்

தேனுக்கு உள்ளடக்கம் எழுதத் தேவையில்லை. ஒரே பொருள் உள்ள உணவுக்கு அந்தப் பட்டியல் வேண்டாம் என்பது விதி.

ஒரு காலை ரிஸ்னாவின் குரல் பதிவு வந்தது. எழுதவில்லை, கதைத்தாள். "ராத்தா, நேத்துக் காலையில இரிந்து புள்ளைக்கு வெளிய போகல்ல. பாலும் கொஞ்சம் குடிச்சிட்டு விட்டுர்றான். நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். நீ கதைக்காத, கேளு மட்டும். எனக்குப் பயமா இரிக்கி." பின்னால் பிள்ளை அழுதது. மெலிந்த அழுகையா சாதாரண அழுகையா என்று என் காதுக்குப் பிடிபடவில்லை.

அந்தக் குரலை அப்படியே சஜீருக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

உடனே அவனுடைய அழைப்பு வந்தது.

"ராத்தா, ஒண்டு கேக்கிறன். கோவிக்கக் கூடா."

"கேளு."

"தேன் இல்லாட்டி இந்த வருத்தம் வராதா?"

"அந்தத் தொடுகையால வராது."

"எள்ளுப்போலயும் தேன் இல்லாட்டி?"

கையில் இருந்த ஜாம் போத்தலை ஆய்வுகூட மேசையில் வைத்தேன்.

"சீனி ராத்தா," என்றான். "சீனி, தண்ணி. கொஞ்சம் சீனியக் கருக்கிப் போடுற, நிறத்துக்கு. வாசத்துக்கு எசன்ஸ். எலுமிச்சம் புளி ரெண்டு துளி, உறையாம இரிக்க. நாவிதன்வெளி ஆள் ஒராள் இரிந்தார்தான். முதல் கிழமையே அவர்ட தேன் முடிஞ்சி. அதுக்குப் பொறகு அச்சகத்துக்குப் பின்னால அடுப்பு வெச்சன்."

"மாமி முதல் கொண்டு வந்த போத்தல்?"

"அது அடுப்புதான் ராத்தா. சம்மாந்துறைக் கடைக்குப் போனதெல்லாம் அடுப்புதான். இதுக்கு வல்லாஹி செல்றன். வல்லாஹி."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். சத்தமாகவே சொன்னேன். ஆய்வுகூடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தன் கள்ளத்தனத்துக்கு யாரும் அல்லாஹ்வைப் புகழ்வதை அவன் முன்பு கேட்டிருக்கமாட்டான்.

"நீங்க ஏசுவீங்க எண்டு நெனச்சன் ராத்தா."

"மறுகா ஏசுறன். இப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் இத ரிஸ்னாட முகத்துக்கு நேர செல்லு. டொக்டருக்கும் செல்லு."

போனான். அதை நான் அவனுக்குக் கணக்கில் எழுதுகிறேன். வைத்தியர், ரிஸ்னா, நோயாளர்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று சீனி, தண்ணீர், எசன்ஸ் என்று சொல்லியிருக்கிறான். இங்கே பெரிய கம்பனிகளிடம் இருந்து அப்படி ஒரு பட்டியலை வாங்க நாங்கள் வழக்கறிஞர் வைக்க வேண்டும். வைத்தியர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, தாய்க்கு உறக்கம் இல்லை, பால் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாராம். ரிஸ்னா சிரித்தாளாம், பிறகு அழுதாளாம், பிறகு சஜீருக்குத் தன் கையால் ஒரு குட்டு வைத்தாளாம்.

அடுத்த நாள் பிள்ளைக்கு வெளியே போனது. ரிஸ்னா சந்தோஷத்தில் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவதாக நினைத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். சம்மாந்துறை மாமி முதல் கட்டார் மாமா வரை எல்லோரும் 'மாஷா அல்லாஹ்' போட்டார்கள். என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கோபம் பிறகுதான் வந்தது, சொன்னபடி ஏசினேன். அதற்கு நடுவில் ஒரு விடயம் என்னைச் சுட்டது. என் நல்ல தேன் உறைந்தது, ஆகவே சீனி. அவன் சீனி உறையவில்லை, ஆகவே தேன். அண்மையில் ஊர் போய் வந்த மருதமுனைக் காக்கா ஒரு போத்தல் வாங்கி வந்திருக்கிறார். எனக்குக் காட்டினார். "பாத்தீங்களா புள்ள, தேன் எண்டா இப்பிடித் தெளிவா இரிக்கணும். பேரும் ஒங்கட பேர்தான்." போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல், சீனியால் அவர் குடலுக்கு ஒன்றும் ஆகாது.

சஜீர் இப்போது திருந்திவிட்டான். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தத் திருத்தம்தான். அடுப்பை அணைத்துவிட்டான். சாச்சி முன்னால் பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்தானாம். நேற்று அழைத்தான்.

"இனிச் சுத்தமான தேன்தான் ராத்தா. ஒரு சொட்டுச் சீனி இல்ல. காடு முழுக்க ஆள் விட்டிரிக்கன்."

"அந்தக் கடைசி வரியப் போடுவியா?"

"அது போட்டா ஆரும் வாங்கமாட்டாங்களே ராத்தா. நானே இப்பதான் நேர்மையா யாவாரம் தொடங்கிரிக்கன்."

இப்போதைய நிலைமை

பிள்ளை நன்றாக இருக்கிறான். கழுத்து நிற்கத் தொடங்கிவிட்டது. மாமிக்கு ரிஸ்னா பாதியைச் சொல்லியிருக்கிறாள்: ஒரு வயது ஆகும்வரை எந்தத் தேனும் வேண்டாம் என்று வைத்தியர் சொன்னதாக. மற்றப் பாதியை அவர் கேட்கவில்லை.

எங்கள் சமையலறையில் சரியான லேபல் ஒட்டிய தேன் இன்னும் இருக்கிறது, உறைந்தபடி.

கல்முனைப் போத்தல்களில் இருந்து என் பெயரும் என் வீட்டு முகவரியும் எடுக்கப்பட்டுவிட்டன. 'பிறந்த பாலகர் முதல்' எடுக்கப்படவில்லை. அதை எடுத்து எச்சரிக்கையைப் போடாமல் ஒரு போத்தல் வெளியே போனாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நானே எழுதுவேன் என்று சஜீருக்குச் சொல்லியிருக்கிறேன். சாச்சி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். பரிசோதகருக்கான கடிதம் எழுதி முடிந்தது, இன்னும் அனுப்பவில்லை.

சஜீர் நல்ல தேன் தேடிக்கொண்டிருக்கிறான்.